நாய்க்கும் மகளுக்கும் ரிப்போர்ட்டில் ஒரே பெயர்: பயப்பட வேண்டுமா?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர்கள் வீட்டு லாப்ரடாருக்கு எட்டு வயது. சித்திரையில் அதன் வலது பின்தொடையில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. ஒரு நாள் புடைத்துச் சிவந்திருக்கும், மறுநாள் அமுங்கிவிடும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். வற்றியது, விட்டுவிட்டார்கள். ஆடியில் மறுபடி பெரிதானதும் டாக்டரிடம் காட்டி, ஊசி வைத்துப் பரிசோதித்து, அறுவை சிகிச்சை செய்து எடுத்தாயிற்று. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘மாஸ்ட் செல் ட்யூமர், பட்நாயக் கிரேடு 2, லோ கிரேடு, மைட்டாடிக் கவுன்ட் 1’ என்று இருக்கிறது. பக்கவாட்டு மார்ஜின் (கட்டியோடு சேர்த்து வெட்டி எடுத்த ஓரம்) சுத்தம். அடிப்பக்க மார்ஜினும் சுத்தம்தான், ஆனால் 1 மில்லிமீட்டர் மட்டுமே.

அதே மாதம், இரண்டரை வயது மகளின் முதுகில் நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்தே உள்ள பழுப்புத் தழும்பைத் தோல் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் எழுதிய பெயர் ‘மாஸ்டோசைட்டோமா’. இரண்டு சீட்டிலும் ‘மாஸ்ட்’ என்று பார்த்ததும் வீட்டில் கலவரம். நாய் நக்கும்போதெல்லாம் குழந்தையின் தழும்பு வீங்குவதைத் தன் கண்ணால் பார்த்ததாக மாமியார் சொல்கிறார். நாயைக் காப்பகத்தில் விடச் சொல்கிறார். மருந்துக் கடை வைத்திருக்கும் தம்பி, இமாடினிப் என்ற புற்றுநோய் மாத்திரை இதற்கு வேலை செய்யும், நாய்க்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். கணவரோ நாய்களின் மாஸ்ட் செல் கட்டியை வைத்து வெளிநாட்டில் மனிதப் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறார்கள் என்று படித்துவிட்டு, நாயின் சாம்பிளை அங்கே அனுப்பினால் மகளுக்குப் பயன்படுமா என்று கேட்கிறார். “ரெண்டாவது ஸ்டேஜ்னா இன்னும் எத்தனை மாசம் இருக்கும் டாக்டர்?” என்பது வாசகியின் சொந்தக் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

நான் கால்நடை மருத்துவர். மகளைப் பற்றி நான் சொல்வதைப் பொதுவான தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முடிவெடுக்க வேண்டியவர் தோல் மருத்துவர். ஆனால் முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்.

ஒட்டாது

மாஸ்ட் செல் கட்டி நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றாது, மனிதரிடமிருந்து நாய்க்கும் தொற்றாது, ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கும் தொற்றாது. நாய்களுக்குள் ஒட்டும் புற்றுநோய் ஒன்று உண்டுதான். தெருநாய்களின் பிறப்புறுப்பில் ரத்தம் ஒழுகும் கட்டியாக நம் ஊரில் அடிக்கடி பார்க்கலாம். இணை சேரும்போது புற்றுச் செல்லே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். அதுகூட மனிதருக்கு வராது. உங்கள் நாய்க்கு வந்தது அந்த வகையே இல்லை.

நீங்கள் எழுதிய தேதிகளையே பாருங்கள். மகளுக்குத் தழும்பு வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. நாயின் கட்டி வந்தது இந்தச் சித்திரையில். பின்னால் வந்தது முன்னால் வந்ததைக் கொடுத்திருக்க முடியாது.

அதற்காக உங்கள் மாமியார் பார்த்தது பொய் என்று நினைக்காதீர்கள். அவர் பார்த்தது சரி, எடுத்த முடிவுதான் தவறு. மாஸ்ட் செல் என்பது எல்லோர் தோலிலும் இருக்கிற ஒரு காவல் செல். அதன் வயிறு நிறைய ஹிஸ்டமின், ஹெப்பாரின் போன்ற பொருட்கள் துகள் துகளாக இருக்கும். கொசு கடித்த இடம் தடிப்பதும் அரிப்பதும் இந்த ஹிஸ்டமினால்தான். ஒரே இடத்தில் இந்தச் செல்கள் கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் அந்த இடத்தைத் தேய்த்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் துகள்களைக் கொட்டும். சில நிமிடத்தில் தடித்துச் சிவக்கும். நாயின் நாக்கு பட்டாலும் அப்படித்தான், குளித்தபின் துண்டால் அழுத்தித் துடைத்தாலும் அப்படித்தான். இந்த வீக்கத்துக்குத் தோல் மருத்துவத்தில் டாரியர் குறி என்று பெயர். நோயைக் கண்டுபிடிக்கவே உதவுகிற அடையாளம் அது. உங்கள் நாயின் கட்டி ஒரு நாள் புடைத்து மறுநாள் அமுங்கியதும் இதே கதைதான். மஞ்சள் பூசியதால் வற்றவில்லை. அது தானாகவே ஏறி இறங்கும். சொல்லப்போனால் தேய்த்துப் பூசியது தூண்டிவிட்டிருக்கவும் கூடும்.

குழந்தைகளுக்கு இப்படித் தனியாக வரும் மாஸ்டோசைட்டோமா பெரும்பாலும் பருவ வயதுக்குள் தானே மங்கி மறைந்துவிடுகிறது. நாய்க் கட்டியைப் போல அறுத்து எடுக்க வேண்டிய புற்று அல்ல அது. அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், துண்டால் ஒற்றி எடுங்கள், நாயை அங்கே நக்க விடாதீர்கள். காய்ச்சல், வலி மாத்திரைகளில் சிலவும் மயக்க மருந்துகளில் சிலவும் மாஸ்ட் செல்லைத் தூண்டக்கூடியவை. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், இந்தப் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். காப்பகத்துக்கு நாயை அனுப்ப மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு

எனக்கு வரும் கடிதங்களில் பாதிப் பயம் இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது. ஸ்டேஜ் என்பது நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் அந்தச் செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தெரிகின்றன என்பது. உங்களிடம் இருப்பது கிரேடு மட்டும். ஸ்டேஜ் பார்க்கும் பரிசோதனையே இன்னும் செய்யவில்லை.

ரிப்போர்ட்டில் இரண்டு கிரேடு ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பட்நாயக் 1984-இல் வகுத்த முறையில் 1, 2, 3 என்று மூன்று படி. நடுவில் இருக்கும் 2-இல்தான் பெரும்பாலான கட்டிகள் போய் விழும், அதில் சாதுவானதும் இருக்கும், பொல்லாததும் இருக்கும். 2011-இல் கியூப்பல் குழுவினர் 95 நாய்களின் கட்டி ஸ்லைடுகளை 28 நோய்க்குறியியல் நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கிரேடு 1, 2 விஷயத்தில் நிபுணர்களுக்குள் ஒத்துப்போனது 64 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் லோ, ஹை என்று இரண்டே படியாகப் பிரித்தார்கள். அதில் 97 சதவீத அளவுக்கு ஒத்துப்போயிற்று. அந்த ஆய்வில் ஹை கிரேடு நாய்களின் இடைநிலை ஆயுள் நான்கு மாதத்துக்கும் குறைவு, லோ கிரேடுக்கு இரண்டு வருஷத்துக்கும் அதிகம். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பத்துப் புலங்களில் 7 அல்லது அதற்கு மேல் பிளவுறும் செல்கள் தெரிந்தால் ஹை. உங்கள் நாய்க்கு 1. மாதக்கணக்கு எண்ணும் நிலையில் நீங்கள் இல்லை.

அடிப்பக்க மார்ஜின் 1 மில்லிமீட்டர் என்பது குறைவுதான். மறுபடி அறுத்து அகலப்படுத்த வேண்டுமா? ஹை கிரேடாக இருந்தால் ஆமாம் என்பேன். லோ கிரேடில், மார்ஜினில் செல்கள் மிச்சம் இருந்த நாய்களிலேயே பத்தில் அதிகபட்சம் மூன்றுக்குத்தான் திரும்ப வருகிறது. உங்களுடையது சுத்தமான மார்ஜின். தொடையில் இரண்டாவது முறை கத்தி வைத்தால் தோலை இழுத்து மூடுவது கஷ்டம், தையல் பிரியும். நான் பொறுத்திருந்து கவனிக்கும் பக்கம்தான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தக் காலுக்குரிய நிணநீர் முடிச்சுகளில், முழங்காலுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் இருப்பவற்றில், ஊசி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்குச் சாதாரண அளவில் தட்டுப்பட்டாலும் பரவாயில்லை. மாஸ்ட் செல் கட்டி வீங்காத முடிச்சிலும் ஒளிந்திருக்கும். இந்தப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் மயக்கம் தேவையில்லை. தடுப்பூசி போடுகிற மாதிரி மெல்லிய ஊசி, சிரிஞ்சிலிருந்து ஒரு துளியை ஸ்லைடில் ஊதி, சாயத்தில் முக்கி எடுத்தால் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். மாஸ்ட் செல் இருந்தால் ஸ்லைடில் கடுகைச் சிதறவிட்டது போல ஊதாத் துகள்கள் நிறைந்த வட்டச் செல்கள் தெரியும். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் தடிக்கலாம், அதற்காகத்தான் சில நேரம் முன்கூட்டியே ஒவ்வாமையைத் தடுக்கும் ஊசி போடுகிறோம். அந்தப் பயத்தில் ஊசியைத் தவிர்த்துவிட்டு, என்ன கட்டி என்றே தெரியாமல் இருந்த மூன்று மாதம்தான் உண்மையான ஆபத்து.

அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, ஒன்றரை வருஷம் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. புதிதாக எந்தக் கட்டி வந்தாலும் ஊசி வைத்துப் பாருங்கள். லாப்ரடாருக்கு வயதானால் கொழுப்புக் கட்டி சகஜம், பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனால் விரலால் தடவிப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. இன்னொரு மாஸ்ட் செல் கட்டியே வந்தாலும், பழையது பரவிவிட்டது என்று உடனே அர்த்தமில்லை. பல நாய்களில் அது புதிதாக, தனியாக முளைத்ததாகவே இருக்கும். மலம் தார் போலக் கறுத்தாலோ வாந்தி தொடர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம், ஹிஸ்டமின் அதிகமானால் வயிற்றில் புண் வரும். வீட்டில் இருக்கிற மனித வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

தம்பி சொன்ன இமாடினிப்

அவர் அடிப்படையில் படித்துத்தான் சொல்லியிருக்கிறார். மாஸ்ட் செல்லின் மேற்புறத்தில் ‘கிட்’ என்ற புரதம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிப் பொருள் வந்து ஒட்டினால்தான் அது உள்ளே ‘பெருகு’ என்று சொல்லும். அதற்கான மரபணுவில் பிழை வந்தால், யாரும் வந்து ஒட்டாமலே சொல்லிக்கொண்டே இருக்கும். நாயிலும் இதே புரதம், மனிதரிலும் இதே புரதம். இமாடினிப் இந்தப் புரதத்தின் வாயை அடைக்கும் மருந்துகளில் ஒன்று.

ஆனால் பிழை எந்த இடத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாய்களின் மாஸ்ட் செல் கட்டிகளில் சுமார் 15 முதல் 30 சதவீதத்தில் எக்ஸான் 11 என்ற பகுதியில் ஒரு துண்டு இரண்டு முறை எழுதப்பட்டுவிடுகிறது. புரதத்தைச் சும்மா இருக்கும்போது அடக்கி வைக்கிற பகுதி அது. பெரியவர்களுக்கு உள்ளுறுப்புகளில் மாஸ்ட் செல்கள் பெருகும் மாஸ்டோசைட்டோசிஸ் நோயில் பிழை பெரும்பாலும் எக்ஸான் 17-இல், 816-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போவது. அந்த மாற்றம் வந்தால் மருந்து உட்காரும் இடத்தின் வடிவமே மாறிவிடும், இமாடினிப் பிடிக்காது. அதனால்தான் மனிதருக்கு வேறு மருந்து தேட வேண்டியிருந்தது: அமெரிக்காவில் மிடோஸ்டாரின் 2017-இல் அனுமதி பெற்றது, அவாப்ரிடினிப் 2021-இல். குழந்தைகளிடம் 816-ஆம் இடத்துப் பிழையும் உண்டு, 8, 9 எக்ஸான்களில் வருவதும் உண்டு. ஒரே மரபணு என்பதால் ஒரே மருந்து என்று மனிதருக்குள்ளேயே சொல்ல முடியவில்லை. நாய்க்கும் மனிதருக்கும் இடையில் எப்படிச் சொல்வது?

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்குப்படி இமாடினிப் நாய்க்குத்தான் கூடுதலாகப் பொருந்த வேண்டும். பொருந்தியும் இருக்கிறது. ஜப்பானில் 21 நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 10-க்குக் கட்டி சுருங்கியது. எக்ஸான் 11 பிழை இருந்த 5 நாய்களுக்கும் பலன் தெரிந்தது. தம்பி இதையே எங்காவது படித்திருக்கலாம். இந்தியாவில் இந்த மாத்திரை சகாய விலையில் கிடைக்க ஒரு காரணம், இமாடினிப்பின் மூல பிராண்டான கிளிவெக்கின் காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்ததும் உச்ச நீதிமன்றம் 2013-இல் அதை உறுதி செய்ததும். ரத்தப் புற்றுநோயாளிகள் பலர் அதனால் பிழைத்தார்கள். ஆனால் மலிவு என்பது கொடுத்துப் பார்க்கக் காரணமாகாது.

உங்கள் நாய்க்கு நான் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். கட்டியை எடுத்தாயிற்று. சுருங்க எதுவும் இல்லாத இடத்தில் மருந்து வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? அந்த எக்ஸான் 11 பிழையும் பெரும்பாலும் ஹை கிரேடு கட்டிகளில்தான் இருக்கும். வாந்தி, பேதி, கல்லீரல் பாதிப்பு வரும் ஆபத்து மட்டும்தான் மிஞ்சும். நாய்களுக்கென்றே தயாரித்து 2009-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்து ஒழுங்குமுறை அமைப்பு) அனுமதித்த முதல் புற்றுநோய் மருந்தான டோசெரானிப்பும் அறுவைக்குப் பின் திரும்பி வந்த கட்டிகளில்தான் சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றவற்றில் 37 சதவீதத்துக்குப் பலன், வெற்று மாத்திரை பெற்றவற்றில் 8 சதவீதத்துக்கு. நல்ல மருந்துதான், தேவைப்படும் நாயிடம்.

இன்னொன்றும் தம்பியிடம் சொல்லுங்கள். இந்த வகை மாத்திரையைச் சாப்பிடும் நாயின் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்தின் மிச்சம் வரும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதைத் தொடக்கூடாது, சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். நாயின் கட்டியால் உங்கள் மகளுக்கு ஆபத்து இல்லை. தேவையில்லாமல் கொடுக்கிற இந்த மாத்திரையால் வரலாம். தரையில் உட்கார்ந்து விளையாடுகிற வயது அவளுக்கு.

கணவரின் கேள்வி

அவர் படித்தது உண்மை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-இல் ஒப்பீட்டுப் புற்றுநோயியலுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கியது. ஆய்வக எலிக்குப் புற்றை நாம் உண்டாக்குகிறோம். நாய்க்கு அது தானாக வருகிறது, நம் வீட்டுக் காற்றை சுவாசித்து, நம்மோடு கிழமாகி, தன் எதிர்ப்பு சக்தியோடு போராடியபடி. மனிதரில் பத்து வருஷம் காத்திருந்து பார்க்க வேண்டியது நாயில் ஒன்றிரண்டு வருஷத்தில் தெரிந்துவிடும். 2005-இல் முதன்முதலாக முழுதாகப் படித்து வெளியிட்ட நாய் மரபணுத்தொகுப்பு டாஷா என்ற பாக்ஸருடையது. மாஸ்ட் செல் கட்டிக்குப் பேர்போன இனமே பாக்ஸர்தான். 2015-இல் கோல்டன் ரிட்ரீவர்களை ஆராய்ந்தபோது, ஐரோப்பிய நாய்களுக்கும் அமெரிக்க நாய்களுக்கும் ஆபத்தைக் கூட்டும் மரபணுப் பகுதிகள் வெவ்வேறாக இருந்தன. ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி.

பலன் இரண்டு பக்கமும் போகிறது. டோசெரானிப், மனிதருக்குச் சிறுநீரகப் புற்றில் தரும் சுனிடினிப் மருந்தின் உடன்பிறப்பு. கிட் புரதத்தை அடைத்தால் கட்டி சுருங்கும் என்பதை நாய்க் கட்டிகளில் நேரடியாகப் பார்க்க முடிந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் காட்டு மரம் ஒன்றின் விதையிலிருந்து எடுத்த டிகிலனால் டிக்லேட் என்ற ஊசி மருந்து 2020-இல் நாய்களின் மாஸ்ட் செல் கட்டிக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்கச் சோதனையில் ஒரே ஊசியில் 75 சதவீத நாய்களுக்கு 28 நாளில் கட்டி மறைந்தது. இப்போது அதை மனிதக் கட்டிகளிலும் சோதிக்கிறார்கள்.

ஆனால் நாய்க் கட்டி மனித மாஸ்டோசைட்டோசிஸின் நகல் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். நாய்க்கு வருவது தோலில் கட்டியாக. பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலிருந்து, வேறு பிழையால். மரபணுப் பிழையை வைத்துச் சொந்தம் பார்த்தால், நாய்களின் எக்ஸான் 11 கட்டிக்கு நெருக்கம் மனிதரின் இரைப்பையில் வரும் ஜிஸ்ட் கட்டி; அங்கேயும் அதே எக்ஸான் 11, அங்கே இமாடினிப் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் மகளின் தழும்பு இந்தக் கதையில் தூரத்து உறவுதான். நாயின் சாம்பிளால் அவளுக்கு மருந்து வராது; மங்கிப் போகிற தழும்புக்குத் தேவையும் இல்லை. அந்தச் சோதனைகளில் சேர்வதும் அங்கங்கே பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நேரில் சிகிச்சை பெறும் நாய்கள்தான், தபாலில் வரும் துண்டுகள் அல்ல.

இங்கேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயாப்ஸிக்குப் போன திசுவை லேபில் மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். பாரஃபின் பிளாக் என்று கேட்டால் தெரியும். பின்னால் எப்போதாவது கட்டி திரும்பினால், கிட் பிழை இருக்கிறதா என்ற பரிசோதனையை அந்தப் பழைய பிளாக்கிலேயே செய்து, எந்த மாத்திரை பொருந்தும் என்று பார்க்கலாம். எல்லா இடத்திலும் இதை நெடுநாள் வைத்திருப்பதில்லை. இந்த வாரமே போன் செய்து, பிளாக் எண்ணைக் கேட்டு ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பத்திரப்படுத்தி வைக்க முடியாது என்றால் உங்களிடமே தரச் சொல்லுங்கள். வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும்.